போலீஸ் பேட்ரோல் வண்டிக்கு வேகம் மட்டும் பாத்தா போதுமா? சார்ஜர், டாஹோ, எக்ஸ்ப்ளோரர், கிரவுன் விக் பத்தி கொஞ்சம் விரிவா

டாட்ஜ் சார்ஜர் வி8 (எட்டு சிலிண்டர் செடான்), செவ்ரோலே டாஹோ, ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர்ங்கற ரெண்டு எஸ்யூவி, ஃபோர்டோட பழைய கிரவுன் விக்டோரியா செடான், இதுல பெஸ்ட் போலீஸ் வண்டி எதுன்னு கேட்டிருக்கீங்க, அவ்ளோ ஸ்பீடான சார்ஜர் இருக்கறப்ப அமெரிக்கால எங்க பாத்தாலும் எக்ஸ்ப்ளோரரா நிக்குதே அது ஏன்னும் கேட்டிருக்கீங்க, கடைசியா ஏலத்துல வர்ற பழைய போலீஸ் கார் எடுக்கலாமான்னு ஒரு கேள்வி. நான் மிச்சிகன்ல போலீஸ் வண்டிகளுக்கு லைட் பார், கைதியைப் பிரிக்கற கேஜ், ரேடியோ, கன்சோல் எல்லாம் மாட்டுற தொழில்ல இருக்கேன், இங்க அதை அப்ஃபிட்டிங்னு சொல்வாங்க. புதுசா வர்ற வண்டியைப் பிரிச்சு வயர் இழுக்கறதும் நாங்கதான், ரிட்டையர் ஆகி வர்ற வண்டில இருந்து அதே வயரைக் கழட்டறதும் நாங்கதான், அதனால ஒரு போலீஸ் வண்டி எப்படி வாழ்ந்து எப்படி தேயுதுன்னு கிட்ட இருந்து பாத்துட்டு இருக்கேன்.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். பெரும்பாலான ஊர் போலீசுக்கு எக்ஸ்ப்ளோரர் ஹைப்ரிட்தான் சரியான வண்டி. நாள் பூரா ஹைவேல மட்டும் ஓடுற ஸ்டேட் ட்ரூப்பருக்கு, அதாவது மாநில போலீஸ்காரருக்கு, வி8 சார்ஜர் நல்லா இருந்துச்சு, ஆனா 2023 டிசம்பரோட கனடால அந்த சார்ஜர் தயாரிப்பே நின்னு போச்சு. நாய் வச்சிருக்கற யூனிட், சூப்பர்வைசர், நிறைய சாமான் தூக்கறவங்களுக்கு டாஹோ. இது ஏன்னு புரியணும்னா போலீஸ் வண்டி உண்மையிலேயே என்ன வேலை பாக்குதுன்னு தெரியணும், யூடியூப் சேஸ் வீடியோ பாத்து வர்ற ஐடியா இதுல பாதிக்கு மேல தப்பா போகும்.

முதல்ல நம்பர் பாத்துடுவோம். மிச்சிகன் ஸ்டேட் போலீஸ் வருஷா வருஷம் புது மாடல் போலீஸ் வண்டிகளை டெஸ்ட் பண்ணி ரிசல்ட் வெளியிடறாங்க, அமெரிக்கா முழுக்க வண்டி வாங்கற டிபார்ட்மென்ட்கள் அதைத்தான் பாப்பாங்க. ஆக்சிலரேஷன், டாப் ஸ்பீட் எல்லாம் செல்சீங்கற ஊர்ல இருக்கற க்ரைஸ்லர் கம்பெனியோட டெஸ்ட் டிராக்ல, ஹேண்ட்லிங் கிராட்டன் ரேஸ்வேங்கற 2 மைல் டிராக்ல. ஒரே வண்டியைப் பல டிரைவர்கள் மாத்தி மாத்தி ஓட்டி ஆவரேஜ் எடுப்பாங்க, அப்பதான் ஒருத்தரோட கைத்திறமை வண்டியோட நம்பர்ல கலக்காது. இது கூட ஏறி இறங்கறது எப்படி, ரேடியோ மாட்ட எடம் எங்க, சுவிட்ச் கை எட்டுதான்னு எர்கோனாமிக்ஸ், கம்யூனிகேஷன்ஸ்க்கு தனி மார்க் உண்டு. டாப் ஸ்பீட் டேபிளைத்தான் எல்லாரும் ஷேர் பண்ணுவாங்க, நான் எப்பவும் இந்தப் பக்கத்தைத்தான் முதல்ல திறப்பேன்.

அந்த டெஸ்ட்கள்ல வந்த ரேஞ்ச் சுமாரா இப்படி. கிரவுன் விக்டோரியா போலீஸ் இன்டர்செப்டர், 4.6 லிட்டர் வி8, 250 குதிரை சக்தி, 0ல இருந்து மணிக்கு 60 மைல் வேகம் எட்ட எட்டரை செகண்டுக்கு மேல, டாப் ஸ்பீட் எந்த கியர் ரேஷியோ எடுக்கறீங்கங்கறதைப் பொறுத்து சுமார் 119 இல்ல 129 மைல். சார்ஜர்ல ஹெமிங்கற 5.7 லிட்டர் வி8, 370 குதிரை சக்தி, 60 மைலுக்கு 6 செகண்ட் பக்கம். 2020ல வந்த புது எக்ஸ்ப்ளோரர்ல 3.0 லிட்டர் ட்வின் டர்போ ஈகோபூஸ்ட், 400 குதிரை சக்தி, அது ஐந்தரை செகண்ட் பக்கம் வந்து 150 மைல், அதாவது மணிக்கு 240 கிலோமீட்டர் வரை போச்சு. அதே எக்ஸ்ப்ளோரர் ஹைப்ரிட், 3.3 லிட்டர் வி6 கூட மோட்டார் சேத்து 318 குதிரை சக்தி, ஏழு செகண்டுக்குக் கொஞ்சம் மேல, டாப் ஸ்பீட் 137 மைல் கிட்ட. டாஹோ 5.3 வி8, 355 குதிரை சக்தி, அதுவும் ஏழு செகண்ட் சொச்சம்.

இதுல ஒண்ணு கவனிங்க. இன்னைக்கு மெதுவான வண்டின்னு சொல்ற டாஹோவும் ஹைப்ரிடும் கூட, பதினஞ்சு வருஷத்துக்கு மேல அமெரிக்க ரோடுகளை ஆண்ட கிரவுன் விக்டோரியாவை சுலபமா தாண்டிடும். கிராட்டன் டிராக்ல வேகமான வண்டிக்கும் மெதுவான வண்டிக்கும் ஒரு லேப்புக்கு வித்தியாசம் சில செகண்ட்தான். அந்த சில செகண்டுக்காகத்தான் ஒரு டிபார்ட்மென்ட் வண்டியைத் தேர்வு பண்ணுதுன்னா அது தப்பான கணக்கு. தப்பி ஓடற காரை முன்னாடி இருக்கற வண்டியோட குதிரை சக்தி பிடிக்கறது ரொம்பக் கம்மி, ரேடியோ, முன்னாடி போய் டயரைக் குத்தற ஸ்பைக் ஸ்ட்ரிப் போடற அடுத்த யூனிட், ஹெலிகாப்டர், இல்ல அந்த காரே எங்கயாவது இடிச்சு நிக்கறது, இப்படித்தான் முடியும். அதுவும் இப்ப நிறைய ஊர்ல பெரிய குற்றம் இல்லன்னா துரத்தவே கூடாதுன்னு பாலிசி.

இன்னொரு விஷயம், டெஸ்ட்டுக்கு வர்ற வண்டி வெறும் வண்டி. எங்க ஷெட்ல இருந்து வெளிய போற வண்டி வேற. முன்னாடி புஷ் பம்பர், மேல லைட் பார், டிரைவருக்குப் பின்னாடி ஸ்டீலும் பாலிகார்பனேட்டும் சேந்த கேஜ், பின்சீட்டைக் கழட்டிட்டு பிளாஸ்டிக்ல வார்த்த சீட், ஜன்னலுக்குக் கம்பி, நடுவுல கன்சோல், அதுல ரெண்டு ரேடியோ, சைரன் கன்ட்ரோலர், லேப்டாப் ஸ்டாண்ட், பிரின்டர், கேமராவோட ரெக்கார்டர், ரெண்டு துப்பாக்கிக்கு லாக் வச்ச ரேக், டிக்கில டிராயர் பெட்டி, கோன், ஃப்ளேர், ஃபர்ஸ்ட் எய்ட், இதயத்துக்கு ஷாக் குடுக்கற மெஷின், ஷீல்டு. இதுக்கு மேல புல்லட் புரூஃப் வெஸ்ட் போட்ட ஆபீசர், சில ஊர்ல ரெண்டு பேர், பின்னாடி கைதி. இத்தனையும் ஏத்தின அப்புறம் டேபிள்ல இருந்த 0 to 60 நம்பரை மறந்துடுங்க, லைட் பார் காத்தை எதுத்து நிக்கறதுல டாப் ஸ்பீடும் குறையும். அதனால வண்டி எவ்ளோ வெயிட் தாங்கும்ங்கற பேலோட் நம்பர் ரொம்ப முக்கியம். கலிஃபோர்னியா ஹைவே பேட்ரோல் கிரவுன் விக்டோரியாவுக்கு அப்புறம் எக்ஸ்ப்ளோரருக்கு மாறினதுல இந்த பேலோட் பெரிய காரணம், அவங்க கேட்ட அளவு வெயிட்டை அப்ப இருந்த செடான்கள் தூக்கல.

வெயிட் ஏறினா பிரேக்தான் அடி வாங்கும். ஒரு தடவை சடன் பிரேக் போட்டா எல்லா புது வண்டியும் நிக்கும், ஆனா அவசர அழைப்பு வரும்போது ஊருக்குள்ள நாலஞ்சு கிலோமீட்டர் சிக்னலுக்கு சிக்னல் வேகமா போய் பிரேக் போட்டு மறுபடி வேகமெடுத்துப் போறப்ப பிரேக் டிஸ்க் சூடாகி பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி ஆகும். மிச்சிகன் டெஸ்ட்ல பிரேக்கை சூடு பண்ணி திரும்பத் திரும்ப 60 மைல்ல இருந்து நிறுத்திப் பாக்கறது இதுக்குத்தான். டாஹோ எடைல பெரிய வண்டி, வெறும் வண்டியே 2,500 கிலோ கிட்ட, அதனாலதான் 2021ல வந்த புது டாஹோவுக்கு, செவ்ரோலேவோட தாய்க் கம்பெனி ஜிஎம், முன்னாடி ஆறு பிஸ்டன் வச்ச பிரெம்போ கம்பெனி பிரேக்கை ஸ்டாண்டர்டாவே குடுத்தாங்க, பின்னாடி இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷனும் வந்துச்சு. பழைய டாஹோ வளைவுல ஆடற ஆட்டத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், ஐடிலிங். போலீஸ் வண்டி வாழ்க்கைல பாதிக்கு மேல ஓடாம இஞ்சின் ஓடிட்டு நிக்கும். ஃபோர்டு கம்பெனி கணக்குப்படி 8 மணி நேர ஷிஃப்ட்ல கிட்டத்தட்ட 60 சதவீதம், அதாவது அஞ்சு மணி நேரத்துக்குப் பக்கம் ஐடில்தான். ஆக்சிடென்ட் ஸ்பாட்ல லைட் போட்டு ரோட்டை அடைச்சு நிக்கறது, ரேடார் வச்சு ஓரமா நிக்கறது, உள்ள உக்காந்து ரிப்போர்ட் அடிக்கறது, எல்லாத்துக்கும் இஞ்சின் ஓடணும், இல்லன்னா ரேடியோ, லேப்டாப், கேமரா, லைட் எல்லாம் சேந்து பேட்டரியை கொஞ்ச நேரத்துல காலி பண்ணிடும். நம்ம ஊர்ல கடை வாசல்ல கரண்ட் போன நாள்ல சாயங்காலம் வரை ஓடிட்டே நிக்கிற ஜெனரேட்டர் இருக்கே, போலீஸ் வண்டியோட நாள் பெரும்பாலும் அதுதான், என்ன, எந்த நிமிஷமும் அந்த ஜெனரேட்டர் 200 கிலோமீட்டர் வேகத்துல ஓடவும் ரெடியா இருக்கணும்.

நாய் வண்டி எடுத்துக்கோங்க. ஆபீசர் ஒரு வீட்டுக்குள்ள போறார், நாய் வண்டிலயே இருக்கு, வெயில் காலம். இஞ்சின் நின்னா ஏசி நிக்கும், அரை மணி நேரத்துல நாய் செத்துடும், அமெரிக்கால இப்படி நிஜமாவே எத்தனையோ போலீஸ் நாய்ங்க செத்திருக்கு. அதனால நாங்க வண்டிக்குள்ள டெம்பரேச்சர் சென்சார் மாட்டுவோம், உள்ள சூடு ஒரு அளவு தாண்டினா தானாவே பின் ஜன்னல் இறங்கும், ஃபேன் ஓடும், ஹார்ன் அடிக்கும், ஆபீசர் இடுப்புல இருக்கற பேஜர் அலறும், பட்டனை அமுக்கினா கதவே திறக்கும். இதை மாட்டி முடிச்சதும் ஹீட் கன் வச்சு சென்சாரை சூடாக்கி ஒவ்வொண்ணா வேலை செய்யுதான்னு பாக்காம வண்டியைக் குடுக்க மாட்டோம். ஆனா முதல் பாதுகாப்பு அந்த இஞ்சின் நிக்காம இருக்கறதுதான், டாப் ஸ்பீட் டேபிள்ல இதுக்கு ஒரு கட்டம் கிடையாது.

ஐடில்ல நின்னா வண்டி தேயலன்னு நினைக்காதீங்க. ஃபோர்டே சொல்ற கணக்கு, ஒரு மணி நேர ஐடில் இஞ்சினுக்கு 33 மைல் ஓடின தேய்மானம். ஆயில் பிரஷர் கம்மி, காத்தோட்டம் இல்ல, சூடு தங்கும், ஆயில்ல பெட்ரோல் கலக்கும். சிலிண்டரை ஆஃப் பண்ற டெக்னாலஜி வச்ச வி8 இஞ்சின்கள்ல வால்வைத் திறந்து மூடற லிஃப்டர், கேம்ஷாஃப்ட் தேயறது மெக்கானிக்குங்க நடுவுல ரொம்பப் பேசப்படற விஷயம், ஐடிலிங் அதிகமா இருக்கற வண்டிகள்ல அது சீக்கிரம் வருதுன்னு சொல்வாங்க. பிரிட்டன்ல இதை விட மோசமான கதை. அங்க டிராஃபிக் போலீஸ் பிஎம்டபிள்யூ டீசல் வண்டிகளை ரொம்ப வருஷம் வச்சிருந்தாங்க, என்57ங்கற ஆறு சிலிண்டர் இஞ்சின், நல்ல வேகம், நல்ல ஹேண்ட்லிங், ஓட்டறவங்களுக்கு உயிர். ரொம்ப நேரம் ஐடில்ல நின்னுட்டு திடீர்னு ஃபுல் ஸ்பீடுல போற போலீஸ் ஓட்டத்துல அந்த இஞ்சின்கள் சில வண்டிகள்ல உடைஞ்சு தீப்பிடிச்சுது, 2020 ஜனவரில இங்கிலாந்தோட கம்ப்ரியால அவசர அழைப்புக்குப் போன ஒரு கான்ஸ்டபிள் அப்படி ஒரு சம்பவத்துல உயிர் விட்டார். அதுக்கப்புறம் அங்க ஃபோர்ஸ்கள் அந்த இஞ்சின் வச்ச வண்டிகளுக்கு வேகக் கட்டுப்பாடு எல்லாம் போட்டாங்க, பிஎம்டபிள்யூவும் பிறகு போலீசுக்கு வண்டி விக்கறதை அங்க நிறுத்திட்டாங்க. அதே இஞ்சின் தனியார் ஆள் கைல நல்லா ஓடியிருக்கும். அதனாலதான் சொல்றேன், போலீஸ் டியூட்டி தனி டியூட்டி, ஷோரூம் ரிவ்யூ பாத்து போலீஸ் வண்டி தேர்வு பண்ண முடியாது.

எக்ஸ்ப்ளோரர் ஹைப்ரிட் ஜெயிக்கறது இந்த இடத்துலதான். அதுல 1.5 கிலோவாட் அவர் லித்தியம் பேட்டரி இருக்கு, நிக்கறப்ப லைட், ரேடியோ, லேப்டாப், ஏசி எல்லாத்தையும் பேட்டரி பாத்துக்கும், சார்ஜ் இறங்கினா இஞ்சின் தானா ஸ்டார்ட் ஆகி கொஞ்ச நேரம் ஓடி ஏத்திட்டு மறுபடி நின்னுடும். ஸ்டாண்டர்ட் டெஸ்ட்ல ஹைப்ரிடுக்கு ஒரு காலன் பெட்ரோலுக்கு 24 மைல், ஈகோபூஸ்ட்டுக்கு 19, பாக்கறதுக்கு சின்ன வித்தியாசமா தெரியும், ஆனா அந்த டெஸ்ட்ல அஞ்சு மணி நேர ஐடில் கிடையாது, நிஜ ஷிஃப்ட்ல வித்தியாசம் அதை விடப் பெருசு. ஃபோர்டு, தன்னோட முந்தின மாடலோட ஒப்பிட்டு வருஷத்துக்கு வண்டிக்கு 3,000 டாலருக்கு மேல பெட்ரோல் மிச்சம்னு விளம்பரம் பண்ணாங்க, கம்பெனி சொல்றதுல கொஞ்சம் கழிச்சுக்கிட்டாலும் நூறு வண்டி வச்சிருக்கற ஊருக்கு அது பெரிய காசு. இன்னொண்ணு, மோட்டார் பிரேக்கிங்னால பேட் தேயறது குறையுது, எங்க கிட்ட சர்வீஸ் வர்ற ஹைப்ரிட் வண்டிகள்ல அது கண்கூடா தெரியுது. பேட்டரி பின்சீட்டுக்கு அடில போயிட்டதால டிக்கி இடமும் போகல.

சரி, மனுஷன் உக்கார்ற விஷயம். ஆபீசரோட பெல்ட்ல துப்பாக்கி, டேசர், ரெண்டு மேகசின், விலங்கு, ரேடியோ, டார்ச், ரத்தம் நிக்க இறுக்கிக் கட்டற டோர்னிகே, எல்லாம் சேந்து பத்து கிலோ கிட்ட வரும். அதைக் கட்டிட்டு ஒரு சாதாரண கார் சீட்ல உக்காந்து பாருங்க, சைடுல இருக்கற போல்ஸ்டர்ங்கற மேடு துப்பாக்கி உறையைத் தூக்கி இடுப்பை ஒரு பக்கமா சாய்க்கும், எட்டு மணி நேரம் அப்படியே உக்காந்தா முதுகு போயிடும். போலீஸ்காரங்க முதுகு வலின்னு ரிட்டையர் ஆகறது ரொம்ப சாதாரணம். ஆஸ்திரேலியால ஹோல்டன் தயாரிச்சு செவ்ரோலே பேர்ல அமெரிக்க போலீசுக்கு 2011ல இருந்து 2017 வரை வந்த கேப்ரிஸ்ல, 355 குதிரை சக்தி வி8, சீட்டோட முதுகுப் பக்கத்தை இந்த பெல்ட்டுக்காகவே குடைஞ்சு வச்சிருந்தாங்க, அந்த சீட்டை நான் இப்பவும் மெச்சிக்கறேன், அந்த வண்டி நிறைய ஊருக்குப் போய்ச் சேராதது எனக்கு வருத்தம்தான். எக்ஸ்ப்ளோரர் போலீஸ் சீட்லயும் போல்ஸ்டர் குறைச்சு, பின்னாடி இருந்து கைதி கத்தியால குத்தினா தடுக்க உள்ள ஒரு ஸ்டீல் பிளேட்டும் வச்சிருக்காங்க.

சார்ஜரோட பிரச்சனை அந்த அழகான ரூஃப் லைன்தான். தாழ்வா சாயற கூரை, ஆபீசர் ஷிஃப்டுக்குப் பல தடவை ஏறி இறங்கணும், ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு, பெல்ட்டைத் தூக்கி, ஸ்டியரிங்ல முட்டாம வரணும். பின் கதவு இன்னும் மோசம், கேஜ் போட்ட அப்புறம் கால் வைக்க இடமே இல்லாம போகும், விலங்கு மாட்டின ஆளை, அதுவும் போதைல முரண்டு பிடிக்கிற ஆளை, தலை இடிக்காம உள்ள உக்கார வைக்கறது ரெண்டு பேர் வேலை. ஃபோர்டோட டாரஸ் செடான் போலீஸ் மாடலும் இதே காரணத்தாலதான் விக்கல, கூடவே வந்த எக்ஸ்ப்ளோரர் அதை ஓரம் கட்டிடுச்சு, 2019ல செடானை நிறுத்திட்டாங்க. எஸ்யூவில இடுப்பு உயரத்துல சீட், நேரா நகர்ந்து உக்காரலாம், நேரா இறங்கலாம், ஆபத்துன்னா சீக்கிரம் வெளிய வரலாம். சார்ஜரை ஓட்டின ட்ரூப்பர்கள் அதை எவ்ளோ நேசிச்சாங்கன்னு எனக்குத் தெரியும், ஹைவேல அதோட லாங் வீல்பேஸ் ஸ்டெடியா போறது தனி சுகம், ஆனா ஊருக்குள்ள டியூட்டின்னா அது ஆளைத் தேய்க்கற வண்டி. அதுல பின்சக்கர டிரைவ் வி8 எடுத்தா மிச்சிகன் பனில ஜனவரி மாசம் படற பாடு வேற, சாண்ட்பேக் வச்சு ஓட்டற ஊர்கள் இருந்துச்சு.

பாதுகாப்புல கிரவுன் விக்டோரியா கதையை சொல்லாம விட முடியாது. லேடர் ஃப்ரேம் மேல பாடி, வி8, பின்சக்கர டிரைவ், கர்ப்ல ஏறினாலும் எழுந்து ஓடும், சீப்பா ரிப்பேர் ஆகும், 1998ல இருந்து 2011 செப்டம்பர்ல கனடா ஃபேக்டரி மூடற வரை பாடி கிட்டத்தட்ட மாறவே இல்ல. இந்தக் கடைசி விஷயத்தோட அருமை எங்க தொழில்ல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும், ஒரு வண்டில இருந்து கழட்டின கேஜையும் கன்சோலையும் அடுத்த வண்டில அப்படியே மாட்டலாம், பதிமூணு வருஷம் அப்படி ஓடுச்சு. இப்ப மாடல் மாறினா எல்லா சாமானும் புதுசா வாங்கணும், ஒரு வண்டிக்கு அப்ஃபிட்டிங்கே பத்தாயிரம், இருபதாயிரம் டாலர் போகுது. ஆனா அந்த கிரவுன் விக்ல பெட்ரோல் டாங்க் பின் ஆக்ஸிலுக்குப் பின்னாடி இருந்துச்சு. ஹைவே ஓரத்துல நிக்கற போலீஸ் வண்டியை வேகமா வர்ற வண்டி பின்னாடி இருந்து இடிக்கறது நடக்கற விபத்து, அப்ப டாங்க் கிழிஞ்சு தீப்பிடிச்சு ஆபீசர்கள் எரிஞ்சு செத்தாங்க. டிக்கில இருக்கற சாமானே முன்னாடி தள்ளப்பட்டு டாங்கைக் குத்தற ஆபத்தும் இருந்துச்சு. 2002ல ஃபோர்டு டாங்க்கைச் சுத்தி ஷீல்டு கிட் குடுத்தாங்க, பிறகு தீயணைக்கிற சிஸ்டமும் ஆப்ஷனா வந்துச்சு, டிக்கி சாமானுக்கு கெவ்லார் வச்ச பெட்டியும் வந்துச்சு. அந்த அனுபவத்துக்கு அப்புறம்தான் 75 மைல், அதாவது 120 கிலோமீட்டர் வேகத்துல பின்னாடி இடிச்சு சோதிக்கறதை ஃபோர்டு தன்னோட போலீஸ் வண்டிகளுக்கு ஒரு தரமா வச்சுக்கிட்டாங்க. எனக்கு 0 to 60 நம்பரை விட இந்த 75 மைல் நம்பர்தான் பெருசு, ஹைவே ஓரத்துல லைட் போட்டு நிக்கற ஆளோட உயிர் அதுலதான் இருக்கு.

எக்ஸ்ப்ளோரரும் குறை இல்லாத வண்டி இல்ல. 2017ல டெக்சஸ் ஆஸ்டின் போலீஸ் கிட்டத்தட்ட 400 எக்ஸ்ப்ளோரர்களை ரோட்டுல இருந்து எடுத்துட்டாங்க, உள்ள கார்பன் மோனாக்சைடு வருது, ஆபீசர்களுக்கு தலை சுத்தல், மயக்கம். ஃபோர்டு சொன்ன காரணங்கள்ல ஒண்ணு எங்க தொழிலைப் பத்தினது, லைட்டுக்கும் ரேடியோவுக்கும் வயர் இழுக்க பின்னாடி போட்ட ஓட்டைகளை சரியா அடைக்காம விட்டதுல புகை உள்ள வருதுன்னு. ஃபோர்டு பழுது பாத்துக் குடுத்தாங்க. அன்னையில இருந்து எங்க ஷெட்ல ரூல், எந்த ஓட்டை போட்டாலும் குரோமெட்ங்கற ரப்பர் வளையம், அதுக்கு மேல சீலன்ட், முடிச்சதும் வண்டிக்குள்ள மீட்டர் வச்சு இஞ்சினை ஓட விட்டு பாக்கணும். பிராக்டிகாலிட்டின்னு சொல்றப்ப இதுவும் சேத்திதான், ஒரு வண்டில சாமான் மாட்ட ஃபேக்டரியே வயரிங் வழியும் மவுண்டிங் பாயிண்ட்டும் குடுத்திருக்கா, இல்ல நாம டிரில் எடுத்துட்டுப் போகணுமாங்கறது.

மத்த வண்டிங்களைச் சுருக்கமா சொல்றேன். டாட்ஜோட டுராங்கோ பர்சூட் எஸ்யூவி, வி8 ஆல் வீல் டிரைவ், நல்ல இழுவை, சார்ஜர் போன இடத்துல நிறைய ஸ்டேட் போலீஸ் அதுக்குப் போறாங்க, பெட்ரோல் குடிக்கும். ஃபோர்டு எஃப்-150 போலீஸ் ரெஸ்பான்டர் 2018ல வந்த முதல் பர்சூட் ரேட்டட், அதாவது துரத்தறதுக்குத் தகுதியான, பிக்கப், கிராமம், மண் ரோடு, எல்லைப் பக்கம்னா சரி. 1980கள்ல கலிஃபோர்னியா ஹைவே பேட்ரோல் ஃபோர்டு மஸ்டாங் வாங்கினாங்களே, 5.0 வி8, அது வேகத்துக்கு மட்டும் வாங்கின வண்டி, ரெண்டு கதவு, கைதியை பின்னாடி ஏத்தவே முடியாது, பிடிச்ச அப்புறம் இன்னொரு வண்டிக்குக் காத்திருக்கணும். அந்தக் காலத்துல ஹைவேல ஸ்பீடா போறவனைப் பிடிக்கற ஒரே வேலைக்கு அது சரியாவே இருந்துச்சு, வேற வேலைக்கு இல்ல.

எலெக்ட்ரிக் வண்டி பத்தி நிறைய பேர் கேக்கறாங்க. ஐடிலிங் பிரச்சனைக்கு நேரடி மருந்து அதுதான், நிக்கறப்ப இஞ்சின் தேய்மானமே இல்ல. 2021ல ஃபோர்டு மஸ்டாங் மாக்-ஈ மிச்சிகன் டெஸ்ட்டை பாஸ் பண்ணின முதல் முழு எலெக்ட்ரிக் வண்டி ஆச்சு. கலிஃபோர்னியால சவுத் பாசடீனாங்கற சின்ன ஊர் 2024ல போலீஸ் வண்டி மொத்தத்தையும் டெஸ்லாவா மாத்திட்டாங்க, 20 வண்டி. சின்ன ஊர், சின்ன தூரம், ஸ்டேஷன்லயே சார்ஜ் போடற வசதி, அங்க அது பொருந்துது. 2019ல அதே மாநிலத்துல ஃப்ரீமான்ட் போலீஸ் டெஸ்லாவை ஓட்டின ஆபீசர் ஒரு சேஸ் நடுவுல வண்டி இன்னும் 6 மைல்தான் ஓடும்னு ரேடியோல சொன்னது உலகம் முழுக்க நியூஸ் ஆச்சு, முந்தின ஷிஃப்ட்ல யாரும் ஃபுல்லா சார்ஜ் போடலங்கறதுதான் விஷயம். பெட்ரோல் வண்டின்னா மூணு நிமிஷத்துல பங்க்ல நிரப்பிடலாம், ஒரே வண்டியை மூணு ஷிஃப்டும் மாத்தி மாத்தி ஓட்டற ஊர்ல சார்ஜ் போட வண்டி எப்ப நிக்கும்? ஆபீசர் ஆளுக்கு ஒரு வண்டின்னு வீட்டுக்கே குடுக்கற ஊர்னா தைரியமா எடுக்கலாம், ஷேர் பண்ற ஊர்னா இன்னைக்கு ஹைப்ரிட்தான். எஸ்யூவி சைஸ்ல நல்ல ரேஞ்சோட, கேஜ் போட இடத்தோட வந்தா என் பதில் மாறும்.

கடைசியா ஏலம். எடுக்கலாம், ஆனா ஓடோமீட்டரை மட்டும் நம்பாதீங்க. ஃபோர்டு போலீஸ் வண்டிகள்ல டேஷ் மெனுக்குள்ள போனா இஞ்சின் ஹவர்ஸ், ஐடில் ஹவர்ஸ் தனித்தனியா காட்டும். ஓடோமீட்டர் 90,000 மைல், ஐடில் 6,000 மணி நேரம்னு வைங்க, 6,000 இன்ட்டு 33 போட்டா 1,98,000, ரெண்டையும் கூட்டினா அந்த இஞ்சின் 2,88,000 மைல் ஓடின இஞ்சின் மாதிரி. ஐடில் ஹவர்ஸ் கம்மியா இருக்கற ஹைவே யூனிட், டிடெக்டிவ் வண்டி, அதிகாரி வண்டி கிடைச்சா அதை எடுங்க. டிரைவர் சீட்டோட இடது ஓரம் கிழிஞ்சு ஃபோம் தெரிஞ்சா அது பேட்ரோல்ல ஊறின வண்டி, சீட் புதுசா இருந்து ஸ்டியரிங் தேஞ்சிருந்தா சீட்டை மாத்தியிருக்காங்க. ரூஃப்ல லைட் பார் எடுத்த ஓட்டைக்கு ரப்பர் பிளக் மட்டும் போட்டிருப்பாங்க, மழைத்தண்ணி உள்ள இறங்கி கார்ப்பெட் அடில துரு பிடிக்கும், கார்ப்பெட்டைத் தூக்கி கைய வச்சுப் பாருங்க. டேஷுக்கு அடில வெட்டி விட்ட வயர் தொங்குதான்னு பாருங்க, டேப் சுத்தாம விட்டிருந்தா பேட்டரி ரெண்டு நாள்ல இறங்கும், மோசமா போனா ஷார்ட் ஆகும். பின் கதவு உள் பக்கம் இருந்து திறக்காது, ஜன்னல் சுவிட்சும் வேலை செய்யாது, போலீசுக்காக அதை டிஸ்கனெக்ட் பண்ணியிருப்பாங்க, குழந்தைங்களை ஏத்தறதுக்கு முன்னாடி அதை சரி பண்ணிடுங்க. பழைய எக்ஸ்ப்ளோரர்னா டிக்கி பின் பக்கம் ஓட்டைகள் அடைச்சிருக்கான்னு பாத்துட்டு, ஒரு கார்பன் மோனாக்சைடு டிடெக்டரை உள்ள வச்சு ஹைவேல ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு காசு குடுங்க.